பட்டா இல்லாத இடுப்பு

திருவண்ணாமலை,
விக்கிரம வருடம், ஆவணி மாதக் கடைசி (2000).

கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை பரசுராமன் அவர்கள் சமூகத்துக்கு, உங்களுக்குத் தங்கையைக் கொடுத்த அருணகிரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி காசியம்மாளும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை. முறையை மீற எனக்கு மனம் வருவதில்லை, அதனால் எழுதிவிட்டேன். ஆனால் அது பொய். காசியம்மாள் சுகம். நான் சுகமில்லை. அங்கு நீங்களும் என் தங்கை பச்சையம்மாளும் கறவைகளும் நலம்தானே? கடலை பிடுங்க ஆள் கிடைத்தார்களா, மழை வந்து கெடுக்காமல் இருந்ததா என்பதற்கும் மறக்காமல் பதில் எழுதவும்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பச்சையம்மாளின் இடது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதாகவும், செயற்கை மூட்டு வைத்தால்தான் இனி நடமாட்டம் என்று டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். "ஏற்கனவே ஒன்றை வைத்துக்கொண்டு உலாவுகிறவர் நீங்கள். நீங்கள் சரி என்றால் செய்கிறோம், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம், உங்கள் வார்த்தைதான் முடிவு" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த வரியைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்வேயராக இந்தத் தாலுகா முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்தவன் நான், நான் காட்டிய எல்லையை ஒத்துக்கொண்ட ஒரு மனிதரைக் கூடப் பார்த்ததில்லை. அண்ணனும் தம்பியும் அதுவரை அடித்துக்கொண்டிருப்பார்கள், நான் கல் நட்டதும் ஒற்றுமையாகி என்னை அடிக்க வருவார்கள். முதன்முதலாக ஒருவர் என் வார்த்தைதான் முடிவு என்கிறார். ஆகவே யோசித்து, பொறுப்போடு, என் முடிவைச் சொல்கிறேன். வேண்டாம் மாப்பிள்ளை. வேண்டவே வேண்டாம். ஏன் என்று கேளுங்கள்.

தொண்ணூற்றோராம் வருடம், நான் ரிடையரான கையோடு, என் வலது இடுப்பில் இருக்கும் எலும்புப் பந்துக்கு ரத்தம் போவது நின்று அது உள்ளுக்குள்ளேயே கருகிவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். அந்த டாக்டர் மரியாதையானவர். கருகிய பந்தை அறுத்து எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்கி, அதன் தலையில் ஒரு உலோகப் பந்து, அந்தப் பந்து சுழல்வதற்கு இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், எல்லாவற்றையும் சிமெண்ட் போட்டு உட்கார வைப்போம் என்று படம் போட்டுக் காட்டினார். காட்டிவிட்டு, "நாங்க கச்சிதமா வெச்சிடுவோம். ஆனா உடம்பு அதை ஏத்துக்கணும்" என்றார். இதை என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. பக்கத்தில் நின்ற காசியம்மாளிடம் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த உலோகம் வீட்டுக்கு வந்த சம்பந்தி. "ஏங்க, மெல்லத் திரும்புங்க, அவருக்கு நோவப்போவுது" என்பாள். எனக்குப் போர்வை போர்த்தினால் இடுப்புப் பக்கம் இரண்டு மடிப்பாகப் போர்த்துவாள், "அவருக்குக் குளுரும்" என்று. கத்தரிக்காய் வீட்டில் நின்றுபோயிற்று, அவருக்கு ஆகாதாம். ஒரு நாள் நான் கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன், தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் இடுப்பின் பக்கம் குனிந்து, "இவரு ஒரு மாதிரிங்க. கத்துவாரு. மனசுல ஒண்ணும் இருக்காது. நீங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போவணும்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் என்னிடம் அவள் இவ்வளவு தழைந்து பேசியதில்லை.

என் கணக்கில் அது சம்பந்தியும் இல்லை, விருந்தாளியும் இல்லை, அப்பட்டமான ஆக்கிரமிப்பு. நிலம் என்னுடையது, பட்டா என் பேரில், நடுவில் ஒருவர் வந்து சிமெண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ள வேண்டும். தரையில் உட்காரக் கூடாது, காலை மடக்கக் கூடாது, குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும் என்றார்கள். நம் ஊரில் தரையில் உட்காராமல் நடக்கிற காரியம் எது? பந்தியில் எல்லோரும் பாயில் உட்கார, நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இன்னொரு நாற்காலியில் இலை போட்டு, பாயசம் வழிந்து கீழே இருந்தவர் தலையில் விழுந்தது. கக்கூசுக்கென்று ஆசாரியை வைத்து ஒரு நாற்காலியில் ஓட்டை போட்டேன், அது தெரியாமல் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். அடி அண்ணாமலையில் காசியம்மாளின் பெரியப்பா தவறியபோது ஊரே மண்ணில் உட்கார்ந்து அழுகிறது, பெரியப்பாவை பெஞ்சு மேல் கிடத்தியிருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் உயரமான இடத்தில் இருந்தது அவரும் நானும்தான். "யாருப்பா அந்தாளு ஸ்டூல் மேல? தாசில்தாரா?" என்று யாரோ கேட்க, "சர்வேயரு. அதுவும் ரிடையரு. அதுக்கே இந்த மெதப்பு" என்று யாரோ பதில் சொன்னார்கள். எழுந்து நின்று இடுப்பைக் காட்டவா முடியும்? அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை சரியில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. காசியம்மாள் அரிவாள்மனை, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, என் சைக்கிள், கிணற்று ராட்டினம் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தாள். "வூட்ல இருக்கற இரும்புக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சு, ஒண்ணுதான் பாக்கி. வேட்டியக் கொஞ்சம் எறக்குங்க" என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் நம்மிடம் வந்த முதல் பூஜை, விட்டால் மனசு கோணுவார் என்று ஒற்றைக் காலில் நின்றாள், ஒற்றைக் காலில் நிற்க வேண்டிய நான் இரண்டு காலில் நின்று பொட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மைக்செட் சடையன் பொரி கடலை வாங்க உள்ளே வந்துவிட்டான். வந்தவன் சிரித்துவிட்டுப் போயிருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு மறந்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை, யோசித்தான். "சார், அது இரும்புதானா? நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றான். மயக்க மருந்தில் இருந்தவன் எப்படிப் பார்ப்பது? ஓடிப்போய் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த, தோசைக்கல் மாதிரி ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து என் இடுப்பில், பொட்டுக்கு மேலேயே, வைத்து அழுத்தினான். ஒட்டவில்லை. திருப்பி வைத்தான், ஒட்டவில்லை. என் கைக்கடிகாரத்தில் ஒட்டியது. கடிகாரம் அன்றோடு நின்றது.

"டூப்ளிகேட்டு சார். நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று சடையன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான், மைக்செட்காரன் குரல் வேறு. அன்று முழுக்க ஆள் மாற்றி ஆள் துக்கம் விசாரித்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துக்குப் போய் மெட்ராஸ் டாக்டரைப் பிடித்தேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை, வெளியே ஒரு கும்பல் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறது, நான் "என் இடுப்பில் காந்தம் ஒட்டவில்லை சார்" என்று கத்துகிறேன். அவர் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "ஒட்டாதுங்க. ஒட்டற சாதா இரும்பை வெச்சா உடம்பு தண்ணியில துரு புடிச்சிடும். இது வேற கலவை. உடம்பு இதை ஒண்ணும் பண்ணாது, இதுவும் உடம்பை ஒண்ணும் பண்ணாது" என்றார். அந்த நிம்மதியோடு வந்து சடையனிடம் சொன்னேன். "திருடன் என்னைக்கி சார் ஒத்துக்கினு இருக்கான்?" என்றான். இதில் அவன் சொன்னதும் தப்பு, டாக்டர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

அதற்கு முன் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது காசியம்மாள் வெளியே நின்று, "அண்ணாமலையாரே, இவரு நல்லா நடந்துட்டா நூத்தியெட்டு பௌர்ணமி மலையைச் சுத்துவாரு" என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டது அவள், சுற்றுவது நான். "நீயும் வாயேன்" என்றால், "எனக்கு மூச்சு வாங்குதுங்க, நான் வூட்ல வெளக்கு ஏத்தி வெக்கறேன்" என்பாள். அடுத்த வருடம் டாக்டர் கைத்தடியை விடச் சொன்னதும் ஆரம்பித்தேன், மாதா மாதம், வெறுங்காலோடு, முழுச் சுற்று. இங்கேதான் மாப்பிள்ளை நான் மோசம் போனேன். வலிக்கவில்லை. துளி வலி இல்லை. ஒரு வருடம் வலிக்கவில்லை, இரண்டு வருடம் வலிக்கவில்லை, நானும் மனிதன்தானே, நம்பிவிட்டேன். அடி அண்ணாமலையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் காலேஜ் பையன்களை முந்திக்கொண்டு வந்து கோபுரத்தெதிரில் நிற்பேன். பௌர்ணமி போதாது என்று காய்கறிக்கும் நடை, லைப்ரரிக்கும் நடை, ஆட்டோக்காரன் கூப்பிட்டால் சண்டை. தரைவரி கட்ட வந்தவர்களை வழியனுப்பத் தாலுகா ஆபீஸ்வரை போவேன், எனக்கு அங்கே என்ன வேலை? நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் கூட வரப்பு மேலேயே நடந்து கழனியின் கடைக்கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வருவேனே, நீங்களே "மெதுவா வாங்க மாமா" என்று பின்னால் ஓடி வந்திருக்கிறீர்கள். ஒரு முட்டாள் எட்டு வருடம் சந்தோஷமாக இருந்தான். கொஞ்சம் வலித்திருந்தால் வீட்டோடு கிடந்திருப்பேன், இந்தக் கதி வந்திருக்காது.

போன பங்குனியில் ஆரம்பித்தது. நாற்காலியை விட்டு எழுந்து வைக்கும் முதல் நாலு அடி, தொடைக்குள் யாரோ உளியை வைத்து நெம்பின மாதிரி. பிறகு சரியாகிவிடும். வைகாசியில் சரியாகவில்லை. ஆடியில் வலது கால் குட்டையாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்து சுவரில் கோடு போட்டு அளந்தேன், குட்டைதான். "அவருக்கு இன்னாவோ கோவம்" என்றாள் காசியம்மாள். நூற்றெட்டில் இன்னும் பத்துப் பதினைந்து பாக்கி இருக்க, வழியிலேயே உட்கார்ந்து ஆட்டோ பிடித்து வந்தேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரிலிருந்து வந்து இங்கே பார்க்கிற எலும்பு டாக்டர் முருகவேலிடம் போனோம். சின்ன வயசு, நிதானமான மனிதர். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். உலோகத் தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வரப்பு ஓடியது. எல்லை தெரியாமல் இருக்க நான் என்ன புதியவனா? "சார், நடுவுல நிலம் காணோமே" என்றேன்.

"ஆமாங்க. எலும்பு கரைஞ்சிருக்கு. அதனால தண்டு லூசாயிடுச்சி, உள்ள ஆடுது" என்றார்.

"கிருமியா?"

"அதுக்கும் டெஸ்ட் பண்ணிட்டேன், கிருமி இல்லீங்க. உங்க உடம்பேதான் பண்ணிக்கினு இருக்கு." எனக்குப் புரியவில்லை என்று பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "அந்தக் கிண்ணம் பிளாஸ்டிக்கு. பந்து அதுல உரச உரச, கண்ணுக்கே தெரியாத தூளு உதிரும். நம்ம உடம்புல காவல் செல்லுங்க இருக்கு, வெளி சாமான் எது வந்தாலும் முழுங்கிடும். கிருமின்னா செரிச்சிடும். இந்தத் தூளை செரிக்க முடியாது. முழுங்கிட்டுத் தவிக்கும், இன்னும் ஆளுங்களைக் கூப்பிடும், ஒரே கூச்சல். அந்தக் கூச்சலைக் கேட்டு எலும்பைக் கரைக்கற செல்லுங்க எழுந்து வந்துடும். அதுங்களால பிளாஸ்டிக்க ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்துல இருக்கற நல்ல எலும்பைக் கரைச்சிடுது."

மாப்பிள்ளை, இதை நான் என் உத்தியோகத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆக்கிரமிப்பை எடுக்க ஜீப்பில் ஆள் அனுப்புவார்கள். கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் அசைய மாட்டான். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று பக்கத்தில் ஒழுங்காகப் பட்டா வைத்திருக்கிறவன் சுவரை இடித்துவிட்டுப் போவார்கள். அதுதான் எனக்குள் நடந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடம் அந்த உலோகத்தை நான்தான் சந்தேகப்பட்டேன். அது வைத்த இடத்தில் ஒழுங்காகவே இருந்திருக்கிறது. கலகம் செய்தது நான் சோறு போட்டு வளர்த்த உடம்பு.

டாக்டர் கேட்டார்: "ரொம்ப நடப்பீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் காசியம்மாள் பெருமையாக, "மாசா மாசம் மலையைச் சுத்துவாரு டாக்டர், ஒரு பௌர்ணமி விட்டது கெடையாது" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நடக்கறது நல்லதுதாங்க. ஆனா நடை ஜாஸ்தின்னா தேய்மானமும் ஜாஸ்தி. வண்டி ஓட ஓட டயரு தேயுதில்லையா?" என்றார். காசியம்மாள் எக்ஸ்ரேக்குக் கிட்டே போய் நின்றாள். "அப்ப, கால் நல்லானதுக்கு நாங்க சுத்தினது, கால தேய்ச்சிடுச்சா?" என்றாள். டாக்டர் எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் கூட்டினார். நான் பேச்சை மாற்ற, எப்போதும் மலையை வலமாகவே சுற்றியதால் கிண்ணம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்குமோ, பாக்கியை இடமாகச் சுற்றினால் சமனாகுமோ என்று கேட்டேன். "அவ்ளோ பெரிய வட்டத்துல திரும்பறதே உங்க காலுக்குத் தெரியாதுங்க" என்றார் அவர். காசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எடமா சுத்துறதுக்கு இடுப்பே இல்லாம இருக்கலாம்" என்றாள். இன்னொன்றும் நினைத்து நினைத்துச் சாகிறேன். கிரிவலப் பாதை முழுக்க 'பிளாஸ்டிக் பைகளைத் தவிர்ப்பீர், மலையின் தூய்மை காப்பீர்' என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதையெல்லாம் படித்துக்கொண்டே, கையில் துணிப்பையோடு, பை வைத்திருப்பவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டே நடந்தவன் நான். ஒவ்வொரு அடிக்கும் எனக்குள்ளே பிளாஸ்டிக்கைக் கொட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

இனி என்ன செய்வது என்றேன். மறுபடி திறந்து, பழையதை எல்லாம் எடுத்து, தூளும் சதையுமாகச் சேர்ந்திருப்பதைச் சுரண்டிக் கழுவி, கரைந்துபோன இடத்தை வேறு எலும்புத் துண்டுகளால் நிரப்பி, புதிய மூட்டு வைக்க வேண்டுமாம். முதல் தடவையை விடப் பெரிய வேலையாம். "வேற எலும்புன்னா யாருதுங்க?" என்றாள் காசியம்மாள். மற்றவர்களுக்கு ஆபரேஷனில் எடுத்ததைச் சுத்தம் செய்து பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றார். "எந்த ஊருக்காரங்களுது?" என்றாள். "எலும்புக்கு ஊரு கெடையாதும்மா" என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரையே நம்மால சமாளிக்க முடியல, இப்ப இன்னொருத்தரு வேற வராராங்க?" என்று நடுத்தெருவில் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் எனக்குத் துக்கம் விசாரித்தார்கள்.

விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது. இந்த வயதில் மறுபடி அந்த மேசையில் படுத்து எழுந்து வருவேனா என்று பயம். எழுந்து வந்தால், இன்னும் எட்டு வருடம் கழித்து மறுபடி இதே கறுப்பு வரப்பு ஓடுமா என்று அதைவிடப் பயம். காலைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் இது என் கட்சியா எதிர்க்கட்சியா என்று தெரியாமல் விழிக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒன்றை உடம்பு என்றைக்கும் ஏற்றுக்கொள்ளாது, சிரித்துக்கொண்டே நாள் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதுதான் நான் கண்டது. பச்சையம்மாள் எனக்குத் தங்கை மட்டும் இல்லை, அம்மா போன பிறகு நான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். அவள் ஒரு நாள் அந்த விளக்குப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து தன் எலும்பைத் தேடுவதை என்னால் பார்க்க முடியாது. ஆகவே நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஆள் பாருங்கள். நடக்காவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது? நடந்து நான் என்னத்தைக் கண்டேன்?

உங்கள் களத்தில் கடலை நிறைந்து, கொட்டிலில் பால் பொங்கி, வீட்டில் எல்லோரும் அவரவர் சொந்த எலும்போடு நீடூழி வாழ அண்ணாமலையாரை வேண்டுகிறேன். வேண்டுதல் வார்த்தையளவில்தான், இதற்காக யாரும் எங்கும் நடக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நலம் கோரும்,
இடது காலில் நிற்கிற,
அருணகிரி.

பி.கு.: இதை ஒட்டித் தபாலில் போட எடுத்து வைத்த பிறகு வாசலில் ஆட்டோ நின்றது. பச்சையம்மாள் இறங்கினாள். உங்களிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஏறவில்லை, கண்டக்டர் ஏற்றிவிட்டிருக்கிறார், அதுவும் மூட்டையை ஏற்றுகிற மாதிரி என்று அவளே சொன்னாள். மேசை மேல் உங்கள் பெயரைப் பார்த்ததும் உறையைக் கிழித்துவிட்டாள். தடுத்தேன், கேட்கவில்லை. ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, எல்லாவற்றையும் படித்தாள். காந்தம் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"ஏண்ணா, எட்டு வருசம் நடந்தேன்னு ஒரே ஒரு எடத்துல எழுதிட்டு, பக்கம் பக்கமா ஒப்பாரி வெச்சிருக்கியே. எனக்கு ஒரு எட்டு வருசம் குடேன். நம்ம கழனிக்கு நான் போயி ரெண்டு வருசம் ஆவுது. வாய்க்காலைத் தாண்ட முடியல. கடலை பிடுங்கற சத்தம் வூட்ல படுத்துக்கினே கேக்கறேன். ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கினது எப்பன்னு மறந்துபோச்சு. நடந்து என்னத்தைக் கண்டேன்னு எழுதியிருக்கியே, நடக்காம நான் என்னத்தைக் கண்டேன்னு யாரு கேட்டீங்க? எட்டு வருசம் கழிச்சி எந்த செல்லு எதைத் திங்குதோ தின்னுட்டுப் போவட்டும். அவரு உனக்கு எழுதறாரு, நீ அவருக்கு எழுதற. இடுப்பு என்னுது."

நான் அவளுக்குத் தலைவாரிவிட்ட காலத்தில்கூட அவள் என்னை இப்படிப் பேசியதில்லை, பேச வேண்டிய அவசியத்தை நான் வைத்ததில்லை என்று நினைத்திருந்தேன். ஆகவே மேலே கண்ட பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடவும். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முருகவேலிடம் அவளை நானே கூட்டிப் போகிறேன், என் தேதியையும் அப்படியே கேட்டுவிடுகிறேன். யார் முதலில் என்பதில்தான் சண்டை. நீதான் பயந்தாங்கொள்ளி, நீயே முதலில் போ என்கிறாள். காசியம்மாள் இப்போதே உள்ளே போய் அவளுடைய இடுப்புக்கு எந்தக் காய் ஆகும் ஆகாது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். வரும்போது பச்சையம்மாளின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு வரவும். அவள் பார்த்துக் கலங்கக் கூடாதென்று அதை விதைக்கடலை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்களாம். நீங்கள் கழனிக்குப் போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், தினமும் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறாளாம்.